புறநகரில் உயர்தர இயற்கை அங்காடி: நிற்குமா, நிற்காதா?

புறநகரில் புதுக் குடியிருப்புகள் எழுகின்றன. வசதியான வீடுகள், வாசலில் கார், உடல்நலத்தில் அக்கறையுள்ள இளம் பெற்றோர். பக்கத்தில் தரமான இயற்கை விளைபொருள், அதாவது செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் இல்லாமல் விளைந்த ‘ஆர்கானிக்’ பொருள், எதுவும் கிடைப்பதில்லை. இங்கே ஓர் உயர்தர இயற்கை அங்காடி திறந்தால் கூட்டம் அள்ளும் என்று யாருக்கும் தோன்றும். சில இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. வேறு சில இடங்களில் அதே மாதிரி வீடுகள், அதே மாதிரி மக்கள் இருந்தும் இரண்டாவது ஆண்டுக்குள் கதவை மூடிவிடுகிறார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை, கடைத் தொழிலில் முன்பின் பழக்கமில்லாதவருக்கும் புரியும்படி இங்கே பார்ப்போம்.

மக்களிடம் பணம் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி வேறு: இன்று காலை ரேக்கில் அடுக்கிய கீரைக்கட்டு நாளை மாலைக்குள் யார் கைக்குப் போகும்? இதற்குத் தெளிவான பதில் இருந்தால் கடை நிற்கும். இல்லாவிட்டால் எத்தனை பணக்காரர்கள் சுற்றிலும் குடியிருந்தாலும் நிற்காது. கட்டுரை முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் பல பக்கங்களிலிருந்து கேட்கப் போகிறோம்.

வசதி என்பது மட்டும் போதாது

1857-இல் ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் குடும்பச் செலவுகளை ஆராய்ந்து ஒரு விதியைச் சொன்னார். வருமானம் ஏற ஏற, அதில் உணவுக்குப் போகும் பங்கு குறையும். தொகை கொஞ்சம் கூடும், பங்கு குறையும். வருமானம் இரட்டிப்பான வீடு காய்கறிக்கு இரட்டிப்பாகச் செலவிடுவதில்லை. வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம், பயணம் என்று மற்றவை எடுத்துக்கொள்ளும். வசதியான வீடுகளில் வெளியே சாப்பிடுவதும் அதிகம். சமைக்காத சமையலறைக்குக் காய்கறி எதற்கு?

வருமானத்தைவிடப் படிப்பு நல்ல அடையாளம். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஹோல் ஃபுட்ஸ் மார்க்கெட் என்ற இயற்கை உணவுச் சங்கிலி, தனக்கு எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று வெளிப்படையாகவே அறிவித்திருந்தது. 20 நிமிடக் கார் பயணத்துக்குள் 2,00,000 பேர் வசிக்க வேண்டும். அவர்களில் கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் பெருமளவில் இருக்க வேண்டும். கடைக்கு 25,000 முதல் 50,000 சதுர அடி வேண்டும். தாராளமான பார்க்கிங், சாலையிலிருந்தே தெரியும் முகப்பு வேண்டும். அந்தப் பட்டியலில் படிப்புக்கும் ஓர் இடம் இருந்தது. லேபிளைத் திருப்பிப் படிப்பவர், என்ன தெளித்து விளைந்தது என்று கேட்பவர், அந்தப் பதிலுக்காக விலையில் கொஞ்சம் கூடுதல் தரச் சம்மதிப்பவர்தான் இந்தக் கடையின் வாடிக்கையாளர். அந்த மனநிலை வருமானத்தோடு எப்போதும் ஒட்டிப் பிறப்பதில்லை.

2,00,000 பேர் என்ற எண்ணைக் கண்டு சின்னக் கடைக்காரர் மிரள வேண்டாம். அது பெரிய கடையின் கணக்கு. ஆனால் அதன் பின்னால் உள்ள கருத்து சின்னக் கடைக்கும் பொருந்தும்: இந்த வகைக் கடைக்கு வருபவர்கள் மொத்தத்தில் ஒரு சிறு பகுதியினர்தான். அந்தச் சிறு பகுதி கடையை நடத்தப் போதுமான அளவுக்கு வர வேண்டுமானால் மொத்தம் பெரிதாக இருக்க வேண்டும்.

வாடிக்கை எல்லை: தூரமல்ல, நிமிடம்

ஒரு கடைக்கு வழக்கமாக வருகிறவர்கள் எங்கிருந்தெல்லாம் வருகிறார்களோ அந்தப் பரப்புதான் அதன் வாடிக்கை எல்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் வரைபடத்தில் கடையை மையமாக வைத்து 3 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டு, உள்ளே எத்தனை வீடுகள் என்று கணக்கிடுகிறார்கள். புறநகரில் இந்த வட்டம் ஏமாற்றும். நடுவே ரயில் பாதை இருக்கும், நெடுஞ்சாலை இருக்கும், திரும்ப வழியில்லாத தடுப்புச் சுவர் இருக்கும். கண்ணுக்கு எதிரே தெரியும் குடியிருப்பிலிருந்து வர 12 நிமிடம் பிடிக்கும். எனவே வட்டம் போடாமல், மாலை 6 மணி நெரிசலில் 5 நிமிடம், 10 நிமிடம், 15 நிமிடம் எனக் கார் ஓட்டிப் பார்த்து அந்த எல்லைகளைக் குறியுங்கள். புதுச் சரக்குக்காக அடிக்கடி வருபவர்கள் பெரும்பாலும் முதல் 10 நிமிடத்துக்குள் வசிப்பவர்களாகத்தான் இருப்பார்கள்.

கடையின் ஈர்ப்பைக் கணக்கிட ஒரு பழைய, எளிய சூத்திரம் உண்டு. 1960-களில் டேவிட் ஹஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் உருவாக்கியது. கடையின் அளவை, அங்கே போக ஆகும் நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். சுற்றியுள்ள எல்லாக் கடைகளுக்கும் இப்படிக் கணக்கிட்டு, மொத்தத்தில் உங்கள் கடையின் பங்கு என்ன என்று பார்க்க வேண்டும். ஒரு வீட்டிலிருந்து உங்கள் 300 சதுர மீட்டர் கடைக்கு 5 நிமிடம் என்றால் 300-ஐ 25-ஆல் வகுத்தால் 12. பெரிய சூப்பர் மார்க்கெட் 3,000 சதுர மீட்டர், 15 நிமிடத் தொலைவில் இருக்கிறது என்றால் 3,000-ஐ 225-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13.3. ஆக அந்த வீட்டார் உங்களிடம் வரும் வாய்ப்பு 47 சதவீதம். அதே சூப்பர் மார்க்கெட் 10 நிமிடத் தொலைவுக்கு நகர்ந்து வந்தால் அதன் மதிப்பு 30 ஆகிவிடும். உங்கள் வாய்ப்பு 29 சதவீதமாகச் சரியும். பக்கத்தில் ஒரு பெரிய கடை வரப்போகிறதா என்று நகரமைப்பு அலுவலகத்தில் விசாரிப்பது ஏன் அவசியம் என்பது இதிலிருந்து விளங்கும். சூத்திரம் துல்லியமான தீர்ப்பு அல்ல. நேரத்தின் வர்க்கம் என்பதையும் இடத்துக்கு ஏற்ப மாற்றிப் பார்ப்பதுண்டு. ஆனால் நேரம் எவ்வளவு வேகமாக ஆளைத் தடுக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

இன்னொன்றையும் நேரில் போய்த்தான் பார்க்க முடியும். கடை சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறது? புறநகரில் மக்கள் காலையில் வேலைக்குப் போகிறார்கள், மாலையில் திரும்புகிறார்கள். காலையில் யாரும் காய்கறி வாங்கிக்கொண்டு அலுவலகம் போவதில்லை. வீடு திரும்பும் பக்கத்தில், திருப்பமில்லாமல் நேரே உள்ளே நுழையும்படி இருந்தால் நல்லது. எதிர்ப்பக்கம் இருந்தால், ‘சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்’ என்று கார் கடந்து போய்விடும். சனிக்கிழமைக்கு மட்டும் கூட்டம் வரும் கடையில் செவ்வாய்க்கிழமைச் சரக்கு வாடும்.

எத்தனை குடும்பம் வேண்டும்?

இப்போது கணக்குக்கு வருவோம். நாட்டுக்கு நாடு பணம் மாறுவதால் ஒரு உபாயம்: எல்லாத் தொகையையும் மாத வாடகையின் மடங்காகச் சொல்லிவிடலாம். கீழே உள்ள எண்கள் கணக்கின் போக்கைக் காட்டுவதற்கு மட்டுமே. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

வாடகை 1. ஆட்களின் சம்பளம் 2.25. குளிர்சாதனமும் விளக்கும் இழுக்கும் மின்சாரம் 0.75. கடன் தவணை, பை, பழுது, காப்பீடு, வங்கி அட்டைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1. ஆக மாத நிலைச்செலவு, அதாவது விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகும் செலவு, 5 வாடகை. சரக்கு வாங்கிய விலையும் கெட்டதும் போக, கையில் நிற்கும் மொத்த லாபம் விற்பனையில் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், செலவை ஈடுகட்ட மாத விற்பனை 20 வாடகை இருக்க வேண்டும். ஒரு வாடிக்கைக் குடும்பம் மாதம் உங்களிடம் வாடகையில் நாற்பதில் ஒரு பங்கு செலவிடுகிறது என்றால், 800 குடும்பங்கள் தொடர்ந்து வர வேண்டும். எப்போதாவது வருபவர்கள் இதில் சேர்த்தி இல்லை. மாதந்தோறும் வருபவர்கள் 800.

10 நிமிட எல்லைக்குள் 8,000 வீடுகள் இருக்கின்றன என்று கொள்வோம். விலை கட்டுப்படியாகும் வீடுகள் 40 சதவீதம், அதாவது 3,200. அவர்களில் இயற்கை விளைபொருளில் உண்மையான நாட்டமுள்ளவர்கள் 30 சதவீதம், அதாவது 960. அவர்களில் தங்கள் வழக்கமான கடையை விட்டு உங்களிடம் நிரந்தரமாக மாறுபவர்கள் 40 சதவீதம் என்று தாராளமாகவே வைத்தாலும் 384. தேவை 800, கிடைப்பது 384. பார்க்க எத்தனை வளமான புறநகராக இருந்தாலும் இந்த அளவுக் கடை அங்கே நிற்காது.

பாதி அளவில் கடை வைத்தால்? வாடகை 0.5 ஆகும். சம்பளம் பாதியாகக் குறையாது. சின்னக் கடைக்கும் கல்லாவில் ஒருவர், ரேக்கில் ஒருவர், இரண்டு வேளைக்கும் வேண்டும். 1.5 என்று வைப்போம். மின்சாரம் 0.5, மற்றவை 0.5. மொத்தம் 3. தேவைப்படும் விற்பனை 12 வாடகை, அதாவது 480 குடும்பங்கள். இன்னும் 96 குறைகிறது. அந்தக் குறையை 10 நிமிட எல்லைக்கு வெளியே இருப்பவர்களிடமிருந்து, வாராந்தரச் சந்தாப் பெட்டியாக வீட்டுக்கே அனுப்பி நிரப்ப முடியும். இப்படித்தான் ஒரே புறநகரில் பெரிய கடை விழுகிறது, சின்னக் கடை பிழைக்கிறது. ‘உயர்தரம்’ என்றால் பெரிது என்று நினைப்பது இந்தத் தொழிலில் மிக விலையுயர்ந்த தவறு.

ரேக்கின் முன்னால் நின்று பார்த்தால்

கடையின் தலையெழுத்து காய்கறி ரேக்கில்தான் இருக்கிறது. ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 100-க்கு வாங்கி 140-க்கு விற்றால் ஏற்றிய விலை 40 சதவீதம். லாப விகிதம் 40 அல்ல. 140-இல் 40, அதாவது 28.6 சதவீதம். இரண்டையும் ஒன்றென எண்ணி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் ஏராளம்.

இப்போது 100 கிலோ காய்கறி, கிலோ 1 வீதம் வாங்கி 1.40-க்கு விற்கிறீர்கள். 12 கிலோ கெட்டுப்போனால் விற்றது 88 கிலோ, வரவு 123.2, லாபம் 23.2, விகிதம் 18.8 சதவீதம். 20 கிலோ கெட்டால் வரவு 112, லாபம் 12, விகிதம் 10.7 சதவீதம். 12-க்கும் 20-க்கும் இடையே வெறும் 8 கிலோதான் வித்தியாசம், லாபமோ பாதியாகிவிட்டது. பெரிய மளிகைச் சங்கிலிகளுக்கே எல்லாச் செலவும் போக நிகரமாக நிற்பது பொதுவாக 1 முதல் 3 சதவீதம்தான். இவ்வளவு மெல்லிய விளிம்பில் 8 கிலோ என்பது வாழ்வா சாவா என்ற கேள்வி.

சரக்கு கெடுவதற்குப் பராமரிப்புக் குறைதான் காரணம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அதற்கும் முந்தைய இடத்தில், ஆர்டர் போடும்போதே அது முடிவாகிவிடுகிறது. ஒரு சப்ளையர் 10 கிலோவுக்குக் குறைந்து பெட்டி தருவதில்லை. அந்தப் பொருள் ரேக்கில் 3 நாள் தாங்கும். நாளுக்கு 2 கிலோ விற்கிறது. மூன்று நாளில் 6 கிலோ போகும், 4 கிலோ குப்பைக்கு. குளிர்சாதனம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த 4 கிலோவைக் காப்பாற்ற முடியாது. எனவே ஒவ்வொரு பொருளையும் எடுக்குமுன் இந்த ஒரு சோதனை போதும்: ஒரு நாள் விற்பனையை அது தாங்கும் நாட்களால் பெருக்குங்கள். வரும் எண் பெட்டியின் அளவைவிடக் குறைவு என்றால் அந்தப் பொருளை வைக்காதீர்கள், அல்லது முன்பதிவுக்கு மட்டும் வரவழையுங்கள்.

பெரிய சூப்பர் மார்க்கெட்டில் ஆள் வரத்து அதிகம், பெட்டி ஒரே நாளில் காலி. உங்களிடம் அதே பெட்டி நான்கு நாள் உட்காரும். இயற்கை விளைபொருளில் அறுவடைக்குப் பிந்தைய செயற்கைப் பூஞ்சைக்கொல்லிகளுக்கும் அனுமதி இல்லை. அதனால் சில பழங்கள் இன்னும் சீக்கிரம் கெடும். வாடிக்கையாளர் எண்ணிக்கை குறைவாக இருப்பதன் முழு விலையும் இந்த இடத்தில்தான் வசூலாகிறது.

இதிலிருந்து ஒரு சுழல் பிறக்கிறது. கெட்டுப்போவதைக் கண்டு பயந்த கடைக்காரர் ஆர்டரைக் குறைக்கிறார். மாலை 7 மணிக்கு வருபவர் பாதி காலியான ரேக்கைப் பார்க்கிறார், மிச்சமிருப்பதும் வாடியிருக்கிறது. அதிக விலை கொடுக்க மனதைத் தயார்படுத்திக்கொண்டு வந்தவருக்கு அந்தக் காட்சி போதும். அடுத்த வாரம் அவர் வரமாட்டார். விற்பனை குறைகிறது, ஆர்டர் இன்னும் சுருங்குகிறது. மூடப்படும் கடைகளின் கடைசி மாதங்களில் இந்தக் காட்சியைத்தான் காண முடியும். இதிலிருந்து வெளியே வர ஒரே வழி வகைகளைக் குறைப்பது. 60 வகையைப் பாதி நிரப்பி வைப்பதைவிட 30 வகையை நிறைவாக வைப்பது மேல். ரேக்கின் அடியில் பொய்த்தளம் கொடுத்து உயர்த்திவிட்டால் ஒரே அடுக்குச் சரக்கிலும் ரேக் நிறைந்து தெரியும். அடியில் நசுங்குவதும் குறையும்.

பராமரிப்பில் தவறக் கூடாத சில விஷயங்கள். இலைக்காய்கறிக்கு 0 முதல் 2 டிகிரி செல்சியஸ் குளிரும் 95 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். தக்காளியையும் வாழைப்பழத்தையும் அதே குளிரில் வைத்தால் பாழாகும். 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளியின் மணமும் சுவையும் போய்விடும், வாழைத்தோல் கறுக்கும். ஆப்பிளும் பழுத்த வாழையும் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகின்றன. பக்கத்தில் கீரை இருந்தால் அது மஞ்சளாகும். சின்னக் கடைகளில் ஒரே குளிர்பெட்டியில் எல்லாவற்றையும் திணிப்பதால் வரும் நஷ்டம் இது. இரண்டு சிறிய பெட்டிகள், ஒரு பெரிய பெட்டியைவிட நல்லவை.

ஒரு நோட்டும் வேண்டும். தூக்கி எறியும் ஒவ்வொன்றையும் எடை போட்டு, பெயர், அளவு, காரணம் மூன்றையும் எழுத வேண்டும். காரணம் நான்கே சொற்களில் அடங்கும்: வாடியது, அழுகியது, கசங்கியது, மிகுந்தது. ஒரு மாதம் எழுதினால் எது சப்ளையரின் குறை, எது குளிர்பெட்டியின் குறை, எது உங்கள் ஆர்டரின் குறை என்பது பளிச்சென்று தெரியும். வாடுவதற்கு முந்தைய நாளே சாறாகவோ சூப்பாகவோ மாற்றி விற்க ஒரு சிறு சமையல் மூலை வைப்பவர்களும் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் அதற்குத் தனி உரிமம், தனி ஆள், தனிச் சுத்தம் வேண்டும். முதல் ஆறு மாதத்தில் அதைத் தொடாதிருப்பது நல்லது.

தானியம் கெடாது என்று அலட்சியம் வேண்டாம். வழக்கமான தானியக் கிடங்குகளில் பூச்சிக்குப் பாஸ்பீன் என்ற நச்சுவாயுவால் புகை போடுவார்கள். இயற்கை விளைபொருளில் அது கூடாது. கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் சூடான புறநகர்க் கிடங்கில் மூன்று, நான்கு வாரத்தில் வண்டாகிவிடும். வந்த மூட்டையைச் சிறு பைகளாக்கி -18 டிகிரியில் நான்கைந்து நாள் உறையவைத்து எடுத்தால் முட்டைகள் சாகும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பையைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் படிந்து பூஞ்சை வரும். ஒரே ஒரு பையில் வண்டு கண்ட வாடிக்கையாளர் மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார்.

நம்பிக்கைதான் விற்கும் சரக்கு

இயற்கைக் கத்தரிக்காயும் மற்றதும் பார்வைக்கு ஒன்றுதான். கூடுதல் விலைக்கு வாங்குபவர் உண்மையில் வாங்குவது உங்கள் வார்த்தையை. அந்த வார்த்தைக்குப் பின்னால் காகிதம், அதாவது இயற்கை விளைச்சல் என்ற சான்றிதழ், இருக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, அறுவடைக்கு முந்தைய 3 ஆண்டுகள் அந்த நிலத்தில் தடை செய்யப்பட்ட எதையும் இட்டிருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுப் பயிருக்கு 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டு, நிலம் இயற்கை முறைக்கு மாறும் மாற்றக் காலம். பதப்படுத்திய பொருளுக்கு இயற்கை முத்திரை வேண்டுமானால், அமெரிக்காவில் உப்பும் தண்ணீரும் நீங்கலான மூலப்பொருளிலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் விவசாய மூலப்பொருளிலும் குறைந்தது 95 சதவீதம் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். சான்று இல்லாமல் வெறுமனே எழுதும் ‘இயற்கையானது’, ‘பண்ணையிலிருந்து நேராக’ என்ற சொற்களுக்கு இந்தப் பலம் கிடையாது. மாற்றக் காலத்தில் உள்ள விவசாயியின் சரக்கை வாங்குங்கள், அவரை ஆதரியுங்கள்; ஆனால் விலை அட்டையில் ‘மாற்றக் காலம்’ என்றே எழுதுங்கள்.

சான்று பெற்ற சரக்கும் மற்றதும் ஒரே கடையில் இருந்தால் கலக்கக் கூடாது. இயற்கைச் சரக்கு மேல் தட்டில், மற்றது கீழ்த் தட்டில். மாறி வைத்தால் தண்ணீர் தெளிக்கும்போது மேலிருந்து வடிவது கீழே இறங்கும். தராசு, கரண்டி, கூடை எல்லாம் தனி. மூட்டையைப் பிரித்து உங்கள் பெயரில் பை போட்டால் பல நாடுகளில் கடைக்கே தனிச் சான்று தேவைப்படும். கடையைத் திறக்கும் முன்பே சான்றளிக்கும் நிறுவனத்திடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

இந்த நம்பிக்கை ஒன்றுதான் சூப்பர் மார்க்கெட்டிடமிருந்து உங்களைப் பிரிக்கிறது. அவர்களும் ஒரு வரிசையை இயற்கைப் பொருளுக்கு ஒதுக்கி, மலிவாக விற்பார்கள். எண்ணெய், மாவு, பெட்டியில் அடைத்த பொருள் எதிலும் விலையில் அவர்களை வெல்ல முடியாது. எந்தத் தோட்டம், எப்போது பறித்தது, எப்படிச் சமைப்பது என்று ரேக்கருகே நின்று சொல்லத் தெரிந்த ஆள் அவர்களிடம் இல்லை. உயர்தரம் என்பதைச் சலவைக்கல் தரையிலும் தொங்கும் விளக்கிலும் தேடாமல் அந்த ஆளின் சம்பளத்தில் போடுங்கள்.

விலை விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லோருக்கும் விலை மனப்பாடமான பொருள்கள் இருபது இருக்கும்: பால், முட்டை, ரொட்டி, வாழைப்பழம் போன்றவை. கடை விலை அதிகமா குறைவா என்று மக்கள் இந்த இருபதை வைத்தே முடிவு செய்கிறார்கள். இவற்றில் லாபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். விலை யாருக்கும் நினைவில் இல்லாத தேன், பருப்பு வகைகள், சோப்பு, மூலிகைத் தேநீர் ஆகியவற்றில் அதை ஈடுகட்டலாம்.

திறக்கும் முன் சோதிப்பது எப்படி?

‘இங்கே இயற்கை அங்காடி வந்தால் வாங்குவீர்களா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. ‘போன வாரம் காய்கறி எங்கே வாங்கினீர்கள், எத்தனை முறை, எவ்வளவுக்கு?’ என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்லும்போது மனிதர்கள் மிகைப்படுத்துவது குறைவு.

அதைவிடச் சிறந்தது, வாரத்தில் ஒரு நாள் வீதம் 8 வாரம் அதே இடத்தருகே ஒரு சிறு மேசை போட்டு விற்றுப் பார்ப்பது. முதல் வார விற்பனையைக் கண்டு மகிழ வேண்டாம். புதுமைக்காக வந்த கூட்டம் அது. ஒவ்வொரு வாங்குபவரின் தொலைபேசி எண்ணையும், அவர் சம்மதத்தோடு, குறித்துவையுங்கள். ஐந்தாம் வாரத்துக்குப் பிறகும் திரும்பி வருபவர்கள் எத்தனை பேர் என்பதே விடை. கூடவே, நான்கு வாரப் பணத்தை முன்கூட்டியே செலுத்தும் சந்தாப் பெட்டி ஒன்றை அறிவியுங்கள். 50 குடும்பங்கள் பணம் கட்டினால் அது 500 பேர் தலையாட்டியதைவிடப் பெரிய சாட்சி.

இன்னொரு சோதனைக்குச் செலவே இல்லை. புறநகரில் கட்டடங்கள் முளைத்திருக்கும், குடியேற்றம் நடந்திருக்காது. விற்பனைக் கையேட்டில் 3,000 வீடுகள் என்று இருக்கும். ஒரு வேலை நாள் இரவு 8 மணிக்குப் போய், விளக்கெரியும் ஜன்னல்களை எண்ணுங்கள். 3,000-இல் 1,100 எரிந்தால் உங்கள் கணக்கில் எழுத வேண்டிய எண் 1,100. மிச்சம் நிரம்ப எத்தனை ஆண்டு ஆகும் என்பதை யாரும் உறுதி சொல்ல முடியாது. அதுவரை வாடகை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

திறந்த பின்

முதல் ஆறு வாரம் விற்பனை ஏறும், பிறகு இறங்கும். இந்த இறக்கம் இயல்பு. இதைக் கண்டு விளம்பரத்தில் பணத்தைக் கொட்ட வேண்டாம். இறங்கி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வாரம் மூன்று எண்களைக் கவனித்தால் போதும்: திரும்பி வந்த குடும்பங்கள், ஒரு பில்லின் சராசரி, எறிந்த சரக்கு விற்பனையில் எத்தனை சதவீதம். முதல் எண் மெதுவாகவேனும் ஏறிக்கொண்டிருந்தால் காத்திருக்கலாம். அது நின்றுவிட்டு, பில் சராசரி மட்டும் ஏறினால், இருப்பவர்களிடம் மேலும் மேலும் விற்கிறீர்கள், புதியவர் யாரும் வரவில்லை என்று பொருள்.

காத்திருக்கக் கையில் பணம் வேண்டும். அலங்காரத்துக்கும் ரேக்குக்கும் முதல் முழுவதையும் செலவிட்டுவிட்டு, முதல் நாள் விற்பனையிலிருந்தே சம்பளம் கொடுக்க நினைக்கும் கடை தாங்காது. 12 மாத நிலைச்செலவைத் தொடாமல் ஒதுக்கிவைத்த பிறகு மிஞ்சுவதில்தான் கடையை அமைக்க வேண்டும். மிஞ்சுவது போதாது என்றால் கடையைச் சிறிதாக்குங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளுக்காகப் போராடுங்கள். ஒன்று, குடியேற்றம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்வரை குறைந்த வாடகை. மற்றொன்று, 18 மாதம் முடிந்ததும் அபராதமின்றி வெளியேறும் உரிமை. இரண்டையும் சாவி வாங்கும் முன்பே எழுத்தில் பெற்றுவிட வேண்டும். விற்பனை படுத்த பிறகு கேட்டால் கட்டட உரிமையாளருக்கு அதைத் தர எந்தக் காரணமும் இருக்காது.